சிங்கமும் முறைப்பாட்டுப் புத்தகமும்

ரசிகர்கள் கேட்பதைத்தான் கொடுக்கிறோம் என்பது படமுதலாளிகளின் பழைய பல்லவி. ரசிகர்களுக்கு ரசனை இல்லை என்பது நம் விமர்சகர்களின் பழைய பல்லவி. ரசிகன் என்ன சொல்கிறான் என்று நின்று கேட்பதற்கு இவ்விரு சாராருக்கும் பொறுமை இருந்ததில்லை. ஹரி இயக்கி சூர்யா நடித்த 'சிங்கம்' வரிசையின் கடைசிப் படம் பற்றிப் பார்த்தவர்கள் கூறிய அபிப்பிராயங்களைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டால் நமக்குத் தெரியாத சில விஷயங்கள் தெரியவரும் என்பது என் எண்ணம்.

முதற்படம் 2010இல் வந்தது, இரண்டாவது 2013இல், மூன்றாவதான 'சி3' 2017 பெப்ரவரி 9ஆம் திகதி. இடையில் ஏழாண்டு. கதாநாயகன் துரைசிங்கம் மாத்திரம் மாறவில்லை. அதே மீசை, அதே கர்ஜனை, அதே ஓங்கிய கை. பெல்மதுளையைச் சுற்றியுள்ள தோட்ட லயங்களின் கூரைகளில் டிஷ் தட்டுகள் வந்த பிறகு இப்படங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. பண்டிகை வந்தால் அவையே வீட்டுக்குள் வந்துவிடும். அப்படித்தான் ஒரு காம்பராவில், பதினைந்து பேருக்கு நடுவே அமர்ந்து மூன்றாம் பாகத்தை நானும் பார்த்தேன்.

அபிப்பிராயங்கள் பலவாறாக இருந்தன. இளைஞர் சிலர் சண்டைக்குக் கைதட்டினர். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், காமெரா ஓரிடத்தில் நில்லாமல் ஓடுகிறது, வசனம் எல்லாம் கூச்சல், தலைவலி வந்துவிட்டது என்றான். படம் வெளியான நாட்களில் தமிழ்நாட்டிலும் ரசிகர் பலர் சொன்ன குறை இதுவே. நியாயமான குறைதான், ஆனால் அது காதின் குறை. இரைச்சலைக் குறைத்திருந்தால் இப்படம் நல்ல படமாகியிருக்குமா என்று அவனிடம் கேட்டேன். அவன் யோசித்தான், பதில் சொல்லவில்லை.

பதில் சொன்னவர் பால் வெட்டும் தொழிலாளியான ஓர் அம்மா. "சேர், மொதப் படத்துல ஊரு ஸ்டேசன்ல இருப்பாரு. சனங்க வந்து சொல்றத நின்னு கேப்பாரு. இதுல ஸ்டேசனே இல்லையே, ஏரோப்ளேன்தான் இருக்கு" என்றார். இதைவிடச் செறிவான விமர்சனத்தை நான் எந்த ஏட்டிலும் படித்ததில்லை. முதற்படத்தில் துரைசிங்கம் தூத்துக்குடி மாவட்டத்து நல்லூர் என்னும் சிற்றூரின் சப்-இன்ஸ்பெக்டர். ஊர்த் தகராறுகளைப் பெரும்பாலும் பேசியே தீர்க்கிறவன். வேறு வழியில்லாதபோதுதான் கை ஓங்குகிறவன். பிறகு வில்லனின் செல்வாக்கால் சென்னைக்கு மாற்றப்படுகிறான். இரண்டாம் பாகத்தில் தென்னாபிரிக்கா. மூன்றாம் பாகத்தில் விசாகப்பட்டினமும் அவுஸ்திரேலியாவும். பாகம் ஏற ஏறப் பயணம் நீள்கிறது. ஜனங்கள் ஏறிவந்து முறையிடும் படிக்கட்டு மறைந்துபோகிறது. முறைப்பாடு கேட்பவன் இருந்த இடத்தில் தண்டனை கொடுப்பவன் மாத்திரம் மிஞ்சுகிறான். 'முதற்படம் போல இல்லை' என்று ரசிகர்கள் சொன்னால், பழையதைப் போற்றும் மனித சுபாவம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். எதை இழந்தோம் என்பதைத் துல்லியமாகவே சொல்கிறார்கள் அவர்கள்.

அந்த அம்மாவுக்குப் பொலிஸ் நிலையப் படிக்கட்டு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய பசு களவு போயிற்று. முறைப்பாடு கொடுக்கத் துணைக்கு நான் போயிருந்தேன். எந்த நிலையம் என்பது அவசியமில்லை. இரண்டு மணி நேரம் வாங்கில் இருந்தோம். அவர் தமிழில் சொன்னார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் நான் சொன்னேன். உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டவில்லை. கையெழுத்து வைக்கச் சொன்னார், அம்மா வைத்தார். 1956இல் சிங்களம் மாத்திரம் அரசகரும மொழியாக்கப்பட்டதும், 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழி என்று எழுதப்பட்டதும் சட்டப் புத்தகத்தில் உண்டு. வாங்கில் இருப்பவருக்கு எழுதுகிற பேனாவின் மொழிதான் சட்டம். 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் தாக்கப்பட்டபோது தேயிலைச் செடிகளுக்குள் இரவைக் கழித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த இரவில் யார் வந்து காப்பாற்றினார்கள் என்று அவர்களிடம் கேட்டால் மௌனம்தான் விடை. இந்த ஜனங்கள் திரையில் ஒரு நல்ல பொலிஸ்காரனைக் கண்டால் கைதட்டுவது ரசனைக் குறைவா? தங்களுக்குக் கிடைக்காத ஒன்றைக் கேட்டுத்தான் அவர்கள் தட்டுகிறார்கள்.

அந்தக் கோரிக்கையைப் படமுதலாளி என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. அவர் அதை வாங்கிக்கொண்டு பதிலுக்கு ஓர் அறையைக் கொடுக்கிறார். விசாரணை வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம், சாட்சி வேண்டாம். நல்லவனின் கை போதும். நல்லவன் யார் என்பதைப் பின்னணி இசை சொல்லிவிடும். இந்தப் பாடத்தை மூன்று பாகங்களும் கற்பித்தன. திரைக்கு வெளியே அந்தக் கை யார்மேல் விழுந்தது?

'சி3' 2017 ஜனவரி 26இல் வருவதாக இருந்தது. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தால் தள்ளிப்போயிற்று. அப்போராட்டத்தை ஜனவரி 23ஆம் திகதி சென்னைக் கடற்கரையில் பொலிஸார் தடியால் முடித்துவைத்தார்கள். இரண்டரை வாரத்தில் அதே நகரத்துத் திரைகளில் பொலிஸ் தடி கைதட்டல் வாங்கியது. மூன்றாம் பாகத்தின் கதையோ, அவுஸ்திரேலியாவிலிருந்து விஷக் கழிவுகள் இந்தியாவில் கொட்டப்பட்டு ஏழைப் பிள்ளைகள் மடிவதைப் பற்றியது. நல்ல விஷயம்தான், துரைசிங்கம் அந்தக் கழிவு வியாபாரியைக் கடல் கடந்து போய்ப் பிடிக்கிறான். அடுத்த ஆண்டு, 2018 மே 22ஆம் திகதி, துரைசிங்கத்தின் சொந்த மாவட்டமான தூத்துக்குடியில் செம்பு ஆலையின் மாசுக்கு எதிராக நூறாவது நாளாகப் போராடிய ஜனங்கள்மேல் பொலிஸார் சுட்டார்கள். பதின்மூன்று பேர் மாண்டார்கள். திரையில் விஷத்தை எதிர்த்தது பொலிஸ். தெருவில் விஷத்தை எதிர்த்தவர்களைச் சுட்டது பொலிஸ்.

2020 ஜூன் 19ஆம் திகதி, அதே மாவட்டத்துச் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஜெயராஜையும், பின்னர் அவர் மகன் பென்னிக்ஸையும் பொலிஸார் பிடித்தனர். இரவு முழுவதும் நிலையத்தில் அடித்தனர். சில நாட்களில் இருவரும் இறந்தனர். ஒன்பது பொலிஸார்மேல் மத்திய புலனாய்வுப் பிரிவு கொலைக் குற்றம் சுமத்தியது. அந்த இரவில் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர் அதே நிலையத்தில் கடமையில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர்.

அந்தப் பெண்ணைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இவ்வகைப் படங்களில் வரும் தோழன் எனக்கு நினைவுக்கு வருகிறான். ஹொலிவூட்டில் இரண்டு பொலிஸ்காரர் ஜோடி சேரும் படங்கள் ஒரு தனி ரகம். 'லீதல் வெப்பன்' 1987இல் தொடங்கி 1998இல் நான்காம் பாகம் வரை வந்தது. வெள்ளையன் துடுக்குக்காரன்; கறுப்பன் குடும்பஸ்தன், அவனைக் கண்டிக்கிறவன். நான்காம் பாகத்தில் கப்பலில் அடைத்துக் கடத்திவரப்பட்ட சீனத் தொழிலாளர்களைக் கண்டதும் அந்தக் கறுப்புப் பொலிஸ்காரன் ஒரு குடும்பத்தைத் தன் வீட்டில் ஒளித்து வைக்கிறான். தன் மூதாதையரின் அடிமைக் கப்பல் அவன் நினைவில் இருக்கிறது. கப்பலேறி வந்த கூலிகளின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்த இடம் நெஞ்சைத் தொடும். அதே படம் சீனரின் பேச்சைக் கேலி செய்து சிரிக்க வைக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். ஆயினும் அங்கே தோழன் ஒருவன் சட்டத்தைவிடப் பெரிய ஒன்றை நினைத்துத் தன் இஷ்டத்துக்கு நடக்கிறான். துரைசிங்கத்தின் தோழர்களுக்கு அந்த உரிமை கிடையாது. முதற்படத்தில் விவேக், மூன்றாவதில் சூரி. இருவரும் நல்ல நடிகர்கள். ஆனால் அவர்களுக்கு இட்ட வேலை சிரிப்பு மூட்டுவது. 'ஐயா, போதும், அடிக்காதீர்கள்' என்று சொல்லும் ஒரு கான்ஸ்டபிளை இந்த வரிசை முழுவதும் நீங்கள் காண முடியாது. சாத்தான்குளத்தில் அப்படி ஒருத்தி இருந்தாள்; அவளுக்குப் பின்னணி இசை இல்லை.

அந்த ஜூன் மாதக் கடைசியில் இயக்குநர் ஹரி ஓர் அறிக்கை வெளியிட்டார். பொலிஸைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாகச் சொன்னார். 'சாமி' இரண்டும் 'சிங்கம்' மூன்றும் சேர்ந்தால் ஐந்து. அந்தத் துணிவை நாம் மதிக்க வேண்டும்; தமிழ்த் திரையுலகில் தன் வெற்றிப் படங்களைத் தானே மறுத்தவர்கள் மிகச் சிலர். ஆனால் பொலிஸில் கெட்டவர் சிலர் கலந்துவிட்டதுதான் காரணம் என்றால் பிரச்சினை தீர்ந்துவிடாது. விசாரணை இல்லாமல் அடிக்கலாம் என்ற உரிமையை நல்லவனுக்குக் கொடுத்த கதையே கெட்டவனுக்கும் கொடுத்துவிட்டது. அடுத்த ஆண்டு அதே சூர்யா 'ஜெய் பீம்' படத்தில் வக்கீலாக வந்தார். பொலிஸ் காவலில் கொல்லப்பட்ட ஓர் இருளர் இளைஞனுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார். ஓங்கிய கையை இறக்கிவிட்டுச் சட்டப் புத்தகத்தைத் திறந்தார். எங்கள் காம்பராவில் அதைப் பார்த்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. சிலர் எழுந்து வெளியே போனார்கள். போனவர்கள் அழுதுவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

'சி3' முடிந்த அன்று இரவு அந்த அம்மா தம் பெட்டியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். பசு முறைப்பாட்டின் பிரதி; பணம் கட்டி எடுத்தது. பாடசாலையில் சிங்களம் படிக்கும் பேத்தி விளக்கின் அடியில் அதை எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள். கறுப்புப் பசு என்று எழுதியிருந்தது. அவருடையது சிவலைப் பசு.