கருந்துளையின் ஓசை: ஒரு திறனாய்வு நோக்கு

தரவுகளை ஓசையாக்கும் முயற்சி அறிவியலைச் சார்ந்ததெனினும், அதன் விளைவு செவிக்குரிய படைப்பாகவே நம்மை வந்தடைகின்றது. ஆதலின் அதனைக் கலைத் திறனாய்வுக்கு உட்படுத்துவது பொருத்தமே. அவ்வகையில், 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் நாசா வெளியிட்ட பெர்சியஸ் கருந்துளை ஓசையை இங்கு நோக்குவோம். அதற்கான தரவுகளைத் திரட்டியது சந்திரா ஊடுகதிர் ஆய்வகமாகும். 1999இல் ஏவப்பட்ட அவ்வாய்வகம், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது.

விண்வெளியில் ஓசை இல்லை என்பது பொதுக் கருத்து. ஆயின், பெர்சியஸ் விண்மீன் மண்டலக் கொத்தினுள் வெப்பவளி நிறைந்துள்ளது. அவ்வளியில் கருந்துளை எழுப்பும் அழுத்த அலைகளை ஆய்வாளர் 2003இல் கண்டறிந்தனர். ஓர் அலைவு நிறைவுற ஏறத்தாழ 1 கோடி ஆண்டுகள் ஆகும். அதன் சுருதி, பியானோவின் நடு 'சி' சுரத்திற்கு 57 ஸ்தாயிகள் கீழே உள்ளது. அதனை 57, 58 ஸ்தாயிகள் உயர்த்தியே நம் செவிக்கு எட்டச் செய்துள்ளனர்.

இங்கு ஒன்றைத் தெளிதல் வேண்டும். இது ஒலிப்பதிவு அன்று. படத்தின் நடுவிலிருந்து வெளிநோக்கிச் செல்லும் அலைகளைப் பிரித்தெடுத்து, ரேடார் சுழல்வது போலத் திசைதோறும் ஒலிக்கச் செய்துள்ளனர். எனவே, நாம் கேட்கும் மாற்றம் காலத்தின் மாற்றமன்று, திசையின் மாற்றமே. 2020இல் வெளியான பால்வீதி மையத்தின் ஓசையாக்கத்திலோ படத்தின் மேற்பகுதிக்கு உயர்ந்த சுருதியும் ஒளிமிகுதிக்கு உரத்த ஓசையும் மனிதர் வகுத்தளித்தவை. அது இனிமையானது, பெர்சியஸ் ஓசையோ இயற்கைக்கு நெருக்கமானது. எனினும் கேட்போரை அச்சுறுத்துவது பின்னதே.

அவ்வச்சம் எங்கிருந்து எழுகின்றது? நாதசுரத்திற்கு ஒத்தும், பாட்டிற்குத் தம்பூராவும் இடையறாது ஒலிப்பினும் நாம் அஞ்சுவதில்லை. அவற்றின்மீது இராகம் எழுமென்பதை நம் செவி அறியும். பெர்சியஸ் ஓசையில் நிலையான ஆதாரமுமில்லை, அதன்மேல் எழும் பண்ணுமில்லை. செவி காத்திருந்து ஏமாறுகின்றது. திகில் திரைப்படப் பழக்கம் எஞ்சியதை நிறைவு செய்கின்றது. ஆகவே, அச்சம் விண்ணின் செய்தியன்று. கேட்கும் மரபின் விளைவு என்பதே நம் துணிபு.

இவ்வோசைகளின் நோக்கங்களுள் ஒன்று பார்வையற்றோரும் விண்ணியலை அறிதல். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அமைந்துள்ள பிரிக்பீல்ட்ஸை அறிந்த நமக்கு இஃது ஏட்டளவிலான வினாவன்று. படத்தைக் காண்பவர் ஓசையின் விதியைக் கண்ணாலேயே ஊகித்துக்கொள்வார். காண இயலாதவருக்கு அவ்விதியைச் சொல்லாமல் ஓசையை மட்டும் அளித்தால், அவர் பெறுவது அறிவன்று, நடுக்கம் மட்டுமே. செய்யுளுக்கு உரை வேண்டப்படுவது போலவே இவ்வோசைக்கும் கேட்போரின் தாய்மொழியில் உரை வேண்டும். தமிழிலும் மலாயிலும் பேச்சுவடிவில் அவ்வுரை அமையுமாயின், இப்படைப்பு தன் நோக்கத்தை முழுமையாக எய்தும்.