கடற்காற்றும் சைக்கிள் கடைப் பட்டியலும்

நூலுக்கு மதிப்புரை எழுதுகிறோம். நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் எழுதுகிறோம். நாள்தோறும் நம்மைச் சுமந்து செல்லும் சைக்கிளையும் அதற்கென்று நாம் வாங்கும் சாமான்களையும் அதே கண்டிப்புடன் மதிப்பிட்டால் என்ன? இக்கட்டுரை அத்தகைய முயற்சி. மதிப்பிடும் இடம் கடைக்காரரின் கண்ணாடி அறை அன்று. இராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் வழியாக எண்ணூர் வரை கடலை ஒட்டிச் செல்லும் சாலை.

இந்தப் பகுதி வண்டிகளோடு நெடுங்காலத் தொடர்புடையது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. எண்ணூரில் 1940களின் இறுதியில் மோட்டார்த் தொழிற்சாலை எழுந்தது. 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் செய்தது. அதன் தாய் நிறுவனமோ, இங்கிலாந்தில் மோட்டாருக்கு முன்பே சைக்கிள் செய்துவந்த நிறுவனம். ஆனால் இத்தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன ஆயிரக்கணக்கானோர் ஏறிச் சென்றது சாதாரணச் சைக்கிளில். இன்றும் மீன் விற்பவரும், ஷிப்டு முடிந்து திரும்புபவரும், பள்ளி மாணவரும் அதே சாலையில்தான் மிதிக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் கண்டெய்னர் லாரிகள் ஓடுகின்றன. எனவே எதை வாங்குவது, எதை விடுவது என்பது இங்கே வெறும் பணக் கணக்கு அன்று. உயிர்க் கணக்கும் ஆகும்.

பளபளப்பை நம்பலாமா?

புதிய சைக்கிள் வாங்கச் செல்பவர் முதலில் பார்ப்பது பளபளப்பை. ரிம், ஹேண்டில் பார், பெல் எல்லாம் கண்ணாடிபோல் மின்ன வேண்டும். கடைக்காரரும் அதையே காட்டுகிறார். இம்மதிப்பீடு ஏன் தவறு என்று பார்ப்போம்.

அலை உடையும்போது நுண்ணிய உப்புநீர்த் துளிகள் காற்றில் கலக்கின்றன. நீர் ஆவியாகி, உப்புத் துகள் இரும்பின்மீது படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். சென்னைக் கடற்கரையில் பல இரவுகளிலும் விடியற்காலைகளிலும் இந்த அளவு எளிதில் தாண்டப்படுகிறது. அதாவது, ஒரு சொட்டு மழை பெய்யாமலே உங்கள் சைக்கிள் இரவு முழுவதும் உப்புநீரில் நனைந்து நிற்கிறது! உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். துருப்பிடித்தல் என்பது ஒரு சிறிய மின்கலம் வேலை செய்வதற்கு ஒப்பானது. அந்த மின்கலத்திற்கு வேண்டிய திரவத்தைக் கடற்காற்றே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறது.

பளபளப்பான குரோமியப் பூச்சு மிக மெல்லியது. அதற்கு அடியில் நிக்கல் பூச்சு இருக்கும். கீறல் விழுந்து இரும்பு வெளிப்பட்டுவிட்டால், பூச்சும் இரும்பும் சேர்ந்து மின்கலம் ஆகின்றன. அதில் கரைவது பூச்சு அன்று, இரும்பு. வெளியே மினுமினுப்பு குன்றாமல் இருக்க, உள்ளே புள்ளி புள்ளியாகக் குழி விழும். துத்தநாகப் பூச்சின் குணம் இதற்கு நேர்மாறானது. கீறல் விழுந்தாலும் துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. கப்பல்களின் அடிப்புறத்தில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவது இதே காரணத்தால்தான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சாதாரண ஆணியையும், அரத்தால் ஒரு கீறல் போட்ட துத்தநாகப் பூச்சு ஆணி ஒன்றையும் உப்புநீரில் நனைத்த துணியில் சுற்றி மூன்று நாள் வையுங்கள். முதல் ஆணியில் செந்துரு படர்ந்திருக்கும்; இரண்டாவதில் கீறல் விழுந்த இடத்தில்கூடச் செந்துருவைக் காண்பது அரிது. ஆகவே போக்ஸ் கம்பி, நட்டு, போல்ட்டு மாற்றும்போது மங்கிய சாம்பல் நிறத் துத்தநாகப் பூச்சையோ, துருப்பிடிக்காத எஃகையோ கேட்டு வாங்குங்கள். மின்னுவதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள்.

மற்றொன்றும் உண்டு. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பெருகுகிறது. சீட்டுக் கம்பியும் காட்டர் பின்னும் இறுகிக்கொண்டு சுத்தியலுக்கும் அசையாமல் நிற்பதன் காரணம் இதுவே. பொருத்தும்போதே விரல் நுனியளவு கிரீஸ் தடவியிருந்தால் இத்தொல்லை வராது.

'ஓவராயில்' என்ற சொல்

'ஓவர்ஹால்' என்ற ஆங்கிலச் சொல் நம் சைக்கிள் கடைகளில் 'ஓவராயில்' ஆகிவிட்டது. கழற்றி, துடைத்து, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் பூட்டுவது என்பது அதன் பொருள். ஆனால் சொல் மாறியதோடு பொருளும் மாறிவிட்டதோ என்று ஐயம் எழுகிறது. எண்ணெய் மிகுதியாக ஊற்றினால் பராமரிப்பு முடிந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள்.

எண்ணெய் வேலை செய்ய வேண்டிய இடம் செயினின் வெளிப்புறம் அன்று. கண்ணிகளுக்குள் இருக்கும் ஊசிக்கும் அதைச் சுற்றியுள்ள குழாய்க்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளி. வெளியே வழியும் எண்ணெய் தூசியைத்தான் பிடிக்கும். எண்ணூர்ச் சாலையில் தூசி என்றால் கடற்கரை மணல், நிலக்கரித் தூள், சாம்பல் எல்லாம் சேர்ந்தது. மணலின் படிகக்கல் சாதாரண எஃகைவிடக் கடினமானது. எண்ணெயும் மணலும் கலந்தால் கிடைப்பது உயவுப் பொருள் அன்று, சாணைப் பசை.

'செயின் நீண்டுவிட்டது' என்கிறோம். எஃகு உண்மையில் நீளவில்லை. ஊசிகளும் குழாய்களும் தேய்ந்துவிட்டன. ஒரு செயினில் 110 கண்ணிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தால் மொத்த நீளம் 11 மில்லிமீட்டர் கூடிவிடும். இதை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். பள்ளிக்கூட அடிக்கோல் போதும். புதிய செயினில் ஓர் ஊசியின் மையத்திலிருந்து அடுத்த ஊசியின் மையம் அரை அங்குலம். 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அது 12⅛ அங்குலத்தைத் தொட்டுவிட்டால் செயினை மாற்றுங்கள். தாமதித்தால் தேய்ந்த செயின் பற்சக்கரத்தையும் பிரீவீலையும் சேர்த்துத் தின்றுவிடும்.

எந்த எண்ணெய்? தேங்காய் எண்ணெய் நாளடைவில் கெட்டு அமிலத் தன்மை பெறும். லாரிப் பட்டறையில் இலவசமாகக் கிடைக்கும் பழைய என்ஜின் எண்ணெயில் கரியும் உலோகத் தூளும் இருக்கின்றன. தையல் இயந்திர எண்ணெய் சுத்தமானதுதான். ஆயினும் மிக மெல்லியதாகையால் முதல் மழையிலேயே கழுவப்பட்டுவிடும். புதிய என்ஜின் எண்ணெய் ஒரு சிறு குப்பி ஓராண்டுக்கு வரும். பழந்துணியில் மண்ணெண்ணெய் நனைத்துச் செயினைத் துடைத்து, உலரவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைச் சுற்றி, வெளியே நிற்பதைத் துடைத்துவிடுங்கள். விடுவதைவிடத் துடைப்பதே முக்கியம்.

கியர் வேண்டுமா?

சென்னை சமதரை, இங்கே கியர் எதற்கு என்று கேட்போர் உண்டு. அவர்கள் காற்றை மறந்துவிடுகிறார்கள். காற்றின் தடை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு எதிரே 10 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தால், அவர் உணரும் காற்று 25 கிலோமீட்டர் வேகத்தது; தடை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. கோடைப் பிற்பகலில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும்போது எண்ணூரிலிருந்து இராயபுரம் திரும்புபவருக்கு இது நன்கு தெரியும். மேடு என்பது மண்ணில் மட்டும் இருப்பதில்லை.

எனவே கியர் வீண் என்று சொல்ல முடியாது. ஆனால் கடைகளில் விற்கும் கியர் வண்டிகளின் மீது ஒரு குறை சொல்லியாக வேண்டும். அவற்றில் செயினும் கியர் மாற்றும் உறுப்பும் திறந்த வெளியில் தொங்குகின்றன. பலவற்றில் மட்கார்டுகூட இல்லை. அல்லது அரையளவே உண்டு. பழைய கறுப்பு வண்டியில் முழுச் செயின் கவரும், அகலமான மட்கார்டும் வைத்தவர்கள் மழையையும் மண்ணையும் நினைத்து வைத்தார்கள். பற்சக்கரங்களைச் சக்கர அச்சுக் குடத்துக்குள்ளேயே மறைத்துவைத்த ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று வேகக் கியர் 1902ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. கடலோரத்திற்குப் பொருத்தமான அமைப்பு அதுவே. 21 வேகம் என்று எண்ணிக்கை காட்டுவதைவிட, மூடிய மூன்று வேகம் நமக்குப் பயன் தரும். அது கிடைக்காதபோது, திறந்த கியருக்கு வாரந்தோறும் துடைக்கும் பொறுமை உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பம்பு ஏன் முதற்கருவி?

பின்சக்கரத்தின் மீது 48 கிலோகிராம் எடை விழுவதாகக் கொள்வோம். டயரில் சதுர அங்குலத்திற்கு 45 பவுண்டு அழுத்தம் இருந்தால் தரையில் படியும் பரப்பு சுமார் 15 சதுர சென்டிமீட்டர். அழுத்தம் பாதியானால் பரப்பு இருமடங்காகும். சக்கரம் உருளும்போதெல்லாம் அந்த ரப்பர் நசுங்கி மீள்கிறது. நசுக்கியதற்குச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பக் கிடைப்பதில்லை. அந்த இழப்பை ஈடுசெய்வது உங்கள் முழங்கால். பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்மில் மாட்டிக் கிழிவதும் காற்றுக் குறைவால்தான்.

ஆகவே கருவி வாங்குவதென்றால் முதலில் பம்பு. அடுத்து டயர் கழற்றும் இரண்டு நெம்புகோல், ஒட்டு, சொல்யூஷன், ஒரு துண்டு வால்டியூப், இரட்டைத் தலை ஸ்பேனர். இவை ஒரு சிறு துணிப்பைக்குள் அடங்கும். லாரி ஓடும் சாலையில் பஞ்சருக்குப் பெரும்பாலும் காரணம் டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பித் துண்டுகளே. டியூபை ஒட்டுவதற்கு முன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். கம்பி அங்கேயே இருந்தால் பத்து நிமிடத்தில் மறுபடியும் பஞ்சர்தான். சக்கரத்திற்குப் பெண்டு எடுக்கும் வேலையை மட்டும் மிஸ்திரியிடம் விடுங்கள். அது பட்டியலில் விற்கும் பொருளன்று; கைப்பழக்கம்.

மழையில் பிரேக்

பழைய வண்டியை இதுவரை புகழ்ந்தேன். அதன் பெருங்குறை இதுதான்: வழவழப்பான இரும்பு ரிம், அதன்மீது ரப்பர்க் கட்டை. உலர்ந்திருக்கும்போது நன்றாகப் பிடிக்கும். நனைந்தால் ரிம்முக்கும் கட்டைக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்து உராய்வு பன்மடங்கு குறைந்துவிடுகிறது.

கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 4.2 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்த ஒரு நொடி ஆனால், அதற்குள்ளேயே 4.2 மீட்டர் ஓடிவிடும். உலர்ந்த பிரேக் மேலும் 3 மீட்டரில் நிறுத்தும். மொத்தம் 7 மீட்டர். பிடிப்பு நான்கில் ஒன்றாகக் குறைந்தால் அந்த 3 மீட்டர் 12 ஆகும். மொத்தம் 16 மீட்டர். நாற்பது அடிக் கண்டெய்னர் ஒன்றின் நீளமே 12 மீட்டர்தான். முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால் இந்த வேறுபாடு என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகையால் ஐப்பசி, கார்த்திகை மழையில் செல்பவர்கள் அலுமினிய ரிம்மையோ டிஸ்க் பிரேக்கையோ தேர்ந்தெடுப்பது ஆடம்பரம் ஆகாது. இருக்கும் வண்டியோடுதான் ஓட்ட வேண்டுமென்றால், தேய்ந்த கட்டையை மாற்றுங்கள். மழையில் சந்திப்பு வருமுன்பே பிரேக்கை இலேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்ளுங்கள். லாரிக்குப் பின்னால் இடைவெளியை இருமடங்காக்குங்கள். ரிம்மிலும் டிஸ்க்கிலும் எண்ணெய் ஒரு சொட்டும் படக்கூடாது.

இரவில் நீங்கள் தெரிகிறீர்களா?

டைனமோ அழகான கருவி. ஃபாரடேயின் பாடம் சக்கரத்தில் சுழல்கிறது. ஆனால் சக்கரம் நின்றால் விளக்கும் அணையும். லாரிகளுக்கு நடுவே நிற்கும்போதுதான் நமக்கு வெளிச்சம் தேவை. எனவே பின்புறம் மின்கலத்தில் எரியும் சிவப்பு விளக்கு ஒன்று வேண்டும். அதன் முனைகளில் உப்பு ஏறாமல் சிறிது வாசலின் தடவுங்கள். பிரதிபலிப்புக் கண்ணாடி மின்சாரமே இல்லாமல், விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புகிறது. செலவு மிகக் குறைவு. ஆனால் அதன்மேல் படியும் சாம்பலைத் துடைக்காவிட்டால் அது வெறும் சிவப்பு வில்லைதான்.

முடிவுரை

கடைக்காரரின் பட்டியல் பளபளப்பில் தொடங்கி, கியர் எண்ணிக்கையில் வளர்ந்து, பம்பை மறந்து முடிகிறது. நம் பட்டியல் தலைகீழாக இருக்கட்டும்: முதலில் பிரேக், அடுத்து பின்விளக்கும் பிரதிபலிப்பானும், மூன்றாவது நல்ல டயரும் பம்பும், நான்காவது மட்கார்டும் செயின் கவரும், ஐந்தாவது எண்ணெய், கிரீஸ், பழந்துணி. பணம் மிஞ்சினால் கியர். அதற்கும் பிறகு, ஆசையிருந்தால், பளபளப்பு.

வகுப்பறையில் உராய்வு, துரு, அழுத்தம் என்று தனித்தனிப் பாடமாகப் படிக்கிறோம். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். அவை மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வாசலில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. நாளைக் காலை ஏறுவதற்கு முன், டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். இரு பிரேக்கையும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை. அரை நிமிடம் போதும்.