கோட்டையும் குப்பமும்: தரங்கம்பாடி வரலாற்று எழுத்துகள் குறித்து ஒரு திறனாய்வு

ஓர் ஊரின் வரலாறு என்பது அவ்வூரை ஆண்டவர்களின் பட்டியலா? அன்றி, அவ்வூரில் வாழ்ந்தவர்களின் வாழ்க்கையா? நம் சிற்றூர்களைப் பற்றி எழுதப்பெறும் நூல்களையும் கையேடுகளையும் மலர்க் கட்டுரைகளையும் புரட்டும்போதெல்லாம் இவ்வினா நம் உள்ளத்தில் எழுகின்றது. பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்து, வெவ்வேறு மாநிலங்களில் வேர் கொண்டுவிட்ட நம் போன்ற குடும்பங்களுக்கு இஃது ஏட்டளவான ஆராய்ச்சியன்று. நம் குழந்தைகள் ஊரைக் கண்ணால் காண்பது விடுமுறையின் சில நாட்களில் மட்டுமே. எஞ்சிய நாட்களில் அவர்கள் அறியும் ஊர் எழுத்தில் உள்ள ஊரேயாகும். அவ்வெழுத்தில் குறை இருப்பின், அவர்கள் அறியும் ஊரும் குறைபட்டே நிற்கும்.

ஆதலின் அவ்வெழுத்தை ஆராய்தல் நம் கடமையாகின்றது. எடுத்துக்காட்டாகத் தரங்கம்பாடியை ஈண்டு எடுத்துக்கொள்வோம். சிறிய கடற்கரை ஊரே ஆயினும், அதனைப் பற்றி எழுதப்பட்டவை மிகப் பல.

தொடக்கம் எங்கே?

சுற்றுலாக் கையேடுகளில் தரங்கம்பாடியின் வரலாறு பெரும்பாலும் 1620இல் தொடங்குகின்றது. தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் டேனிஷ்காரர் உடன்படிக்கை செய்துகொண்டு டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டியதே முதற் செய்தி. 1845இல் அவ்வூர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டதோடு வரலாறும் ஏறக்குறைய முடிந்துவிடுகின்றது. இடைப்பட்ட 225 ஆண்டுகளே ஊரின் ஆயுள் போலும்!

கடற்கரையில் நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில் இக்கணக்கை மறுக்கின்றது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306ஆம் ஆண்டளவில் எழுந்தது அக்கோயில். அங்குள்ள கல்வெட்டு, சடங்கன்பாடி எனவும் குலசேகரன்பட்டினம் எனவும் ஊரைக் குறிக்கின்றது. பட்டினம் என்னும் சொல்லே அது கடல் வாணிகத்துக்குரிய இடம் என்பதை உணர்த்தும். டேனிஷ்காரர் வந்ததால் துறை உண்டாகவில்லை. துறை இருந்ததால் அவர்கள் வந்தனர். இவ்வரிசையை மாற்றி எழுதுவது சிறு பிழையன்று. ஊரின் ஆக்கத்தை ஊராரிடமிருந்து பறித்து, வந்தவரிடம் கொடுத்துவிடும் பெரும் பிழை அது.

1845 விற்பனையையும் நோக்குவோம். வங்காளத்துச் சேராம்பூரோடு சேர்த்து 12.5 இலட்சம் ரூபாய்க்குத் தரங்கம்பாடி கைமாறியது. விலையைச் சொல்லும் கையேடுகள், விற்கப்பட்டவர்களைப் பற்றி ஒரு வரியும் சொல்வதில்லை. கொடி மாறிய காலையில் நெசவாளனுக்கும் மரக்கலத்தானுக்கும் சுங்கம் கட்டிய வணிகனுக்கும் என்ன மாறியது? வரலாறு கேட்கவேண்டிய வினா அதுவேயன்றோ?

அச்சுக்கூடமும் திண்ணையும்

இரண்டாவது வகை எழுத்து, சமயத் தொண்டின் வரலாறு. பார்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலை 9ஆம் நாள் இவ்வூரில் இறங்கினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இவை தமிழ் அச்சு வரலாற்றின் பெருமைக்குரிய பக்கங்கள். அவற்றைக் குறைத்துப் பேசுவது நம் கருத்தன்று.

ஆயினும், அத்தமிழை அவருக்குக் கற்பித்தவர் யார்? உள்ளூர்த் திண்ணைப் பள்ளியின் முதிய வாத்தியார் ஒருவர். பிள்ளைகளோடு தாமும் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி, அவர் தமிழ் பயின்றார். அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர் அவருக்குத் துணை நின்றார். சீகன்பால்கு தம் கடிதங்களில் இவர்களை மறைக்கவில்லை. பின்வந்த சுருக்கங்களில்தான் இவர்கள் ஒவ்வொருவராகக் கழிந்து, அச்சுப் பொறி மட்டும் எஞ்சியது. சுருக்கி எழுதுவோரின் கையில் முதலில் விழுந்துவிடுபவர் எப்போதும் உதவியாளரே. கோப்புகளோடு நாள்தோறும் பழகும் நம் போன்றோருக்கு இது புதுமையன்று.

பெயரில்லாக் கடிதங்கள்

இவ்விரு வகையினும் மேலானதாக நாம் மதிப்பது மூன்றாவது ஒன்று. 1712 முதல் 1714 வரை, சீகன்பால்குவும் அவர்தம் துணைவர் கிரண்ட்லரும் தமிழர் பலருக்கு வினாக்களை அனுப்பி விடை பெற்றனர். அவ்வாறு கிடைத்த 99 கடிதங்களை அவர்கள் ஜெர்மன் மொழியில் பெயர்த்தனுப்ப, ஹாலே நகரில் 1714இலும் 1717இலும் அவை இரு பகுதிகளாக வெளிவந்தன. திருமணம், கல்வி, தொழில், வழிபாடு, மருத்துவம் எனத் தமிழர் தம் வாழ்வைத் தாமே விளக்கிய அரிய ஏடுகள் அவை. ஆனால் எழுதியவர் பெயர்கள் அச்சில் இல்லை; தமிழ் மூலமும் நமக்குக் கிடைக்கவில்லை. நம் முன்னோர் குரலை நாம் ஜெர்மன் வழியாகவோ ஆங்கிலம் வழியாகவோதான் கேட்கவேண்டியிருக்கின்றது. டேனியல் ஜெயராஜ், ரிச்சர்ட் ஃபாக்ஸ் யங் ஆகிய இருவரும் 2013இல் இவற்றை ஆய்வுரையோடு ஆங்கிலத்தில் வெளியிட்டமை போற்றத்தக்கது.

போற்றும்போதே ஒரு வரம்பையும் காணவேண்டும். வினாப்பட்டியல் அனுப்பி விடை பெறுவது அலுவலகங்களில் நாம் அன்றாடம் காணும் முறை. வினாவை வகுப்பவரின் நோக்கமே விடையின் எல்லையையும் வகுத்துவிடும். அயல்நாட்டுச் சமய ஊழியர் அறிய விரும்பியவற்றுக்கே இக்கடிதங்கள் விடை தருகின்றன. மேலும், எழுதத் தெரிந்தவரே விடை எழுத முடியும். ஆகவே ஓலையும் எழுத்தாணியும் கையில் இல்லாதவர்கள் இங்கும் பேசவில்லை.

குப்பத்தின் இடம்

அவ்வாறு பேசாதவருள் முதல்வர், கோட்டைக்கு அருகிலேயே வாழும் பட்டினவர் எனப்படும் மீனவ மக்கள். சோழமண்டலக் கரையின் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து என்னும் அமைப்பு நெடுங்காலமாக உண்டு. எந்த வலையை இடலாம், எதனை விலக்கவேண்டும் என்று வரையறுப்பதும், வழக்கைத் தீர்ப்பதும், வரி பிரித்துக் கோயில் திருவிழா நடத்துவதும் அதன் பணிகள். ஏட்டில் எழுதாத சட்டத்தால் கடலையும் கரையையும் ஆண்டவர்கள் இவர்கள். கோட்டையின் ஆளுநர்களை வரிசையாக அடுக்கும் நூல்களில் இவ்வாட்சிக்கு ஓர் அத்தியாயமும் இல்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட உயிர்கள் மாண்டன. அதன்பின்னரே குப்பங்களைப் பற்றி எழுத்துகள் குவிந்தன. ஆனால் அவற்றில் மீனவர் இறந்தோர் எண்ணிக்கையாகவும் உதவி பெறுவோர் பட்டியலாகவுமே பெரிதும் தோன்றினர். நிவாரணப் பொருள்கள் பல ஊர்களில் அப்பழைய பஞ்சாயத்துகளின் வழியாகவே பங்கிடப்பட்டன என்பதை ஆய்வாளர் சிலர் எடுத்துக்காட்டினர். அப்பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடமில்லை என்பதையும், கணவனை இழந்தவர்களின் பங்கு சில இடங்களில் விடுபட்டது என்பதையும் அவர்களே சுட்டினர். இதுவே முறையான வரலாறு. குப்பத்தைப் பாடவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. குப்பத்தையும் குறைநிறையோடு ஆராயவேண்டும் என்றே கேட்கின்றோம்.

இலக்கியம் இத்துறையில் வரலாற்றை முந்திவிட்டது. சங்கப் புலவர் நெய்தல் என ஒரு திணையே வகுத்தனர். நம் காலத்தில் வண்ணநிலவன் ‘கடல்புரத்தில்’ (1977) நாவலிலும், ஜோ டி குரூஸ் ‘ஆழி சூழ் உலகு’ (2004) நாவலிலும் தென்கடற்கரை மக்களின் உழைப்பையும் பகையையும் உறவையும் உள்ளிருந்து காட்டினர். கற்பனை நூல் தரும் மெய்ம்மையை வரலாற்று நூல் தரவில்லையெனில், பிழை வரலாற்றை எழுதும் முறையில்தான் உள்ளது.

நாம் செய்யத்தக்கது

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் வந்த இரயில் 1986இல் நின்றது. அதில் ஏறி ஊரைவிட்டுப் புறப்பட்டவர்களுள் எத்தனை பேர் எங்கெங்கே குடியேறினர்? இதுவும் ஊர் வரலாறே. அதனை எழுதும் உரிமையும் பொறுப்பும் வெளியூர்களில் வாழும் குடும்பங்களுக்கே உண்டு. ஒவ்வொரு சங்கத்திலும் ஊர் நினைவு கொண்ட முதியோர் இருக்கின்றனர். கச்சான், கொண்டல், வாடை என்று காற்றின் பெயர் சொல்லி நாளைக் கணித்தவர்கள் அவர்கள்; சந்தையின் விலையும் சண்டையின் காரணமும் அறிந்தவர்கள். அவர்களிடம் நாம் கேட்கவேண்டும், தமிழிலேயே எழுதவேண்டும், சொன்னவர் பெயரையும் அவர் இசைவோடு குறிக்கவேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கடிதம் எழுதியவர்களின் பெயரும் மொழியும் மறைந்தன. அந்த இழப்பு நம் காலத்தில் மீண்டும் நேர நாம் இடந்தரலாகாது.

கோட்டைச் சுவர்களைச் செப்பனிட அரசும் அறக்கட்டளைகளும் உள்ளன. குப்பத்தின் நினைவைச் செப்பனிட நாமே உள்ளோம்.