பூனைக்கு யார் பெயர்?

நுவரெலியா, ஹட்டன் மலைகளிலே வாழும் ஒரு சிறு காட்டுப்பூனைக்கு விஞ்ஞானம் இட்ட பெயர் 'பிலிப்சி' என முடிகிறது. பிலிப்ஸ் ஒரு தேயிலைத் தோட்டத் துரை. 1935இல் இலங்கையின் பாலூட்டிகள் பற்றி விரிவான நூல் எழுதியவர். அவருடைய உழைப்பைக் குறைத்துப் பேச நமக்கு விருப்பமில்லை. ஆயினும், அந்தப் பெயர் பிறந்த விதத்தை விசாரிக்கத்தான் வேண்டும்.

துருநிறப் புள்ளிகள் கொண்ட இப்பூனை வீட்டுப்பூனையிலும் சிறியது. நிறை ஒன்றரைக் கிலோவை ஒட்டியது. புதுச்சேரியிலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு, பிரெஞ்சு அறிஞர் ழொப்ருவா செந்திலேர் 1831இல் இதற்கு முதற்பெயர் சூட்டினார். இலங்கைப் பூனையின் தோலில் சாம்பல் குறைந்து செம்மை மிகுந்திருக்கும். 1939இல் லண்டன் நூதனசாலை அறிஞர் போக்கொக், துரையின் பெயரால் ஒரு கிளையினத்தை வகுத்தார். 1956இல் கொழும்பு நூதனசாலையின் தெரணியகல மற்றொன்றைப் பிரித்தபோது, சிங்கள மக்கள் வழங்கும் 'கொல திவியா' என்ற சொல்லுக்கே லத்தீன் உடை அணிவித்தார். துரையின் பெயரைவிட இது நமக்கு உவப்பானது.

2017இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பூனை நிபுணர் குழு இரண்டையும் ஏற்றது: முன்னது மலைக்கும் ஈரவலயத்துக்கும், பின்னது தாழ்நில வறள்வலயத்துக்கும். ஆனால், தோலின் நிறம் எவ்வளவு நம்பத்தக்க சாட்சி? மழை மிகுந்த நிலத்தில் விலங்குகளின் உரோமம் கருமை கொள்வது பல இனங்களில் காணப்படுவதே. இந்தியாவில் இப்பூனை பெரும்பாலும் வறண்ட இலையுதிர்காடுகளில் வாழ்கிறது. அங்கே ஈரக்காட்டில் சிறுத்தைப்பூனை இருக்கிறது. இலங்கையில் சிறுத்தைப்பூனை இல்லை. காலியாய்க் கிடந்த அந்த இடத்திலே இது குடியேறியிருக்கலாம். வாழ்விடம் மாறியதா, வமிசமே பிரிந்ததா? இதைப் பேழையிலிட்ட தோல் சொல்லாது. மரபணுவும், இரையும், நடமாட்டமும் சொல்ல வேண்டும்.

இது வெறும் பெயர்ச்சண்டை அன்று. கோப்பிக்காகவும், 1869இல் கோப்பியை நோய் பற்றிய பின் தேயிலைக்காகவும் மலைக்காடு அழிக்கப்பட்டது. ஓடைக்கரையிலும் முகட்டிலும் எஞ்சிய துண்டுகளே இன்று உள்ளன. மலைப்பூனை தனியானதாயின், அந்தத் துண்டுகளுக்கு ஈடாகத் தாழ்நிலக் காட்டைக் கணக்கில் காட்ட முடியாது.

அந்தக் காட்டு விளிம்பில் நாள்தோறும் நிற்பவர் யார்? கொழுந்து பறிப்பவரும் இராக்காவற்காரருமே. தோலை அனுப்பிய துரையின் பெயர் ஏட்டில் ஏறியது. காட்டை வெட்டிய கூலியின் கண்கண்ட செய்தியைக் கேட்டவர் அரிது. மலையக ஆசிரியர்களே, உங்கள் மாணவர் லயத்து முதியோரிடம் கேட்டு எழுதட்டும்: எங்கே கண்டார், எந்த நேரத்தில், எதைத் தின்றது, நெற்றியில் கோடுகள் உண்டா, வால் எவ்வளவு நீளம். குட்டைவால் மீன்பிடிப்பூனையின் குட்டியை இதிலிருந்து பிரித்தறிய இவ்வளவேனும் தேவை.