டாக்டருக்கு ஒரு நாற்காலி

மருத்துவரின் உடல்மொழி பற்றிய பேச்சு பெரும்பாலும் உளவியலாளர் மெஹ்ராபியனின் 7-38-55 கணக்கில் தொடங்கும்: சொல்லுக்கு 7 சதவீதம், மீதி குரலுக்கும் முகத்துக்கும். இதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஒற்றைச் சொல்லைக் கேட்பவர் அதிலுள்ள விருப்பு வெறுப்பை எப்படிக் கணிக்கிறார் என்று 1967இல் பார்த்த சோதனைகளிலிருந்து வந்தது அது. எந்த மாத்திரையை எப்போது போடுவது என்று விளக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை.

பரிசீலிக்கத் தகுந்த சான்று 2012இல் வெளியான கான்சாஸ் ஆய்வு. முதுகெலும்பு அறுவை முடிந்த 120 பேரை ஒரே மருத்துவர், சிலரிடம் நின்றும் சிலரிடம் உட்கார்ந்தும் பார்த்தார். நின்றபோது சராசரியாக 1 நிமிடம் 28 விநாடி. உட்கார்ந்தபோது 1 நிமிடம் 4 விநாடிதான். ஆனாலும் உட்கார்ந்தவர் 5 நிமிடத்துக்கு மேல் இருந்ததாக நோயாளிகள் நினைத்தார்கள். நின்றவர் 4 நிமிடம்கூட இருந்ததாக நினைக்கவில்லை.

மனத்துக்கு இதமான முடிவுதான். ஆனால் அது ஒரே ஒரு மருத்துவரின் கதை. டெக்சாஸில் 51 மருத்துவர்களைக் கொண்டு நடந்து 2023இல் பி.எம்.ஜே. இதழில் வந்த ஆய்வில், உட்கார்ந்தால் நேரம் நீண்டதாகத் தோன்றும் என்பது உறுதிப்படவில்லை. நோயாளிகளின் திருப்தி மட்டும் சுமார் 4 சதவீதம் கூடியது. நோய் சீக்கிரம் குணமானதா என்பதை இரண்டு ஆய்வுகளும் அளக்கவில்லை.

ஆகவே உடல்மொழியின் பலன் உண்மையானது, ஆனால் சிறியது. மருந்தின் இடத்துக்கு அதை உயர்த்தக் கூடாது. கான்சாஸ் ஆய்வை, குறைந்த நேரத்தை நிறையவாகக் காட்டும் உத்தியாகச் சொல்லிக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2017இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, இந்தியாவில் ஆரம்ப நிலை மருத்துவத்தில் ஒரு நோயாளிக்குச் சராசரியாகக் கிடைத்ததே சுமார் 2 நிமிடம். வலியோடு வந்தவருக்கு நியாயமாகச் சேர வேண்டிய நேரத்தை எந்தப் பாவனையாலும் ஈடுகட்ட முடியாது.

டெக்சாஸ் ஆய்வில் என்னை நிறுத்தியது வேறொரு எண். அங்கே மருத்துவர்களுக்குத் தெரியாமல் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு வைத்தார்கள். போட்ட இடத்தில் 63 சதவீதச் சந்திப்புகளில் மருத்துவர் உட்கார்ந்தார்; போடாத இடத்தில் 8 சதவீதம்தான். அறிவுரை சொல்லவில்லை, பயிற்சி வகுப்பும் நடத்தவில்லை. நாற்காலி மட்டுமே போதுமானதாக இருந்தது. ஆகவே நின்றுகொண்டே பேசும் மருத்துவரைக் கரிசனமற்றவர் என்று நாம் எடைபோடுவது பல நேரம் அநியாயம்.

நம் வார்டுகளில் கட்டிலருகே ஸ்டூல் இருந்தால் அதில் நோயாளியின் அம்மாவோ மனைவியோ இருப்பார். டாக்டரைக் கண்டதும் பதறி எழுவார். அவரை எழுப்பாமல் டாக்டரும் உட்கார இன்னொரு இருக்கை வேண்டும். அதை வாங்கிப் போடுவதும், 2 நிமிடத்தை நீட்டத் தேவையான மருத்துவர்களை நியமிப்பதும் நிர்வாகத்தின் வேலை.