ஜெர்மனிக்கு ஒரு நிர்வாகம், பாலாற்றுக்கு ஒரு நிர்வாகம்

மேலாண்மைக் கருத்தரங்குகளில் குடும்ப நிறுவனத் தலைமைக்கு இப்போது மவுசு அதிகம். மேல்விஷாரம், ஆம்பூர் பக்கத்துத் தோல் முதலாளிகளை அதற்கு உதாரணம் காட்டுகிறார்கள். தொழிலாளியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார், வீட்டுக் கல்யாணத்துக்கு வருவார், கஷ்டமென்றால் கைகொடுப்பார் என்கிறார்கள்.

பொய்யில்லை. மேல்விஷாரத்தில் 1918-ல் தொடங்கிய முஸ்லிம் கல்விச் சங்கமும், தோல் வணிகர் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் 1965-ல் எழுந்த கல்லூரியும் இந்த மரபின் கொடைதான்.

ஆனால் கொடையையே நிர்வாகத் திறனாக எண்ணுவது பெரும்பிழை. 1990 வாக்கில் ஜெர்மனி, தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அப்போது சேர்த்துவந்த பென்டாகுளோரோபீனாலுக்குத் தடை போட்டது. சரக்கு திரும்பிவிடும் என்றதும் இங்குள்ள தோல் ஆலைகள் சில ஆண்டுகளிலேயே வேறு மருந்துக்கு மாறின. அதே ஆண்டுகளில் கழிவுநீர் பாலாற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு, தோல் ஆலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுப்போனதைப் பதிவு செய்து, ஆலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது.

அதே தொழில், அதே முதலாளிகள். வெளிநாட்டு வியாபாரிக்குச் சோதனைச் சான்றும் கெடுவும். கிணறு உப்பேறிய விவசாயிக்கு நீதிமன்றப் படி. திறமை இல்லாமல் இல்லை, பதில் சொல்ல வேண்டிய கட்டாயம்தான் இல்லை.

பேர் சொல்லிக் கூப்பிடும் தலைமை ஆலைக்கு வெளியே எட்டுவதும் இல்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிட்கோவில் பல ஆலைகளுக்கும் பொதுவான சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசட்டில் சிக்கி மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆம்பூர் வட்டாரத்தில் ஷூவின் மேல்பாகத்தை வீட்டு வாசலில் உட்கார்ந்து கையால் தைக்கும் பெண்களுக்கு ஜோடிக் கணக்கில் கூலி. வேலை தருவதும் காசு தருவதும் ஏஜென்ட். கம்பெனிப் பதிவேட்டில் பெயர் இல்லாததால் பி.எஃப். கிடையாது, இ.எஸ்.ஐ. கிடையாது. இவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த முதலாளி வருவார்?

பாலாற்று மாசுக்கு 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இழப்பீட்டு உத்தரவு போட வேண்டியிருந்தது. முதல் வழக்குக்கு அப்போது வயது ஏறக்குறைய 34. அடுத்த கருத்தரங்கில் இந்தத் தலைமையைப் பாராட்டப் போகிறவர்கள், கழிவுநீர்ச் சோதனை முடிவு ஆலை வாசலில் ஒட்டப்படுகிறதா, தைக்கும் பெண்ணின் பெயர் கம்பெனி ஏட்டில் ஏறியதா என்று முதலில் விசாரிக்கட்டும்.