சட்டை யாருடையது?

'ஆள் பாதி, ஆடை பாதி' என்றொரு பழமொழி நம்மிடையே வழங்கி வருகிறது. உத்தியோகம் தேடும் இளைஞருக்குப் புத்தி சொல்லப் புறப்படுவோர் பெரும்பாலும் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். நேர்முகப் பரீட்சைக்குச் செல்பவர் வெளிர்நிறச் சட்டை அணிய வேண்டும். அது நன்கு இஸ்திரி போடப்பட்டிருக்க வேண்டும். சப்பாத்து பளபளக்க வேண்டும். கையில் பணம் குறைவென்றால் புதியது வாங்காமல் இருப்பதையே துவைத்துத் தைத்து அணியலாம் என்று நீளுகிறது அந்தப் புத்திமதி. தனித்தனியே பார்த்தால் இவற்றில் பிழையான வாக்கியம் ஒன்றுமில்லை. ஆயினும் சட்டையைப் பற்றி இத்தனையும் சொல்பவர்கள், அந்தச் சட்டை எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் சொல்வதில்லை. தகுதியும் தகுதியின்மையும் தனி மனிதனின் சுத்தத்தையும் சாமர்த்தியத்தையும் பொறுத்தவை என்ற எண்ணமே அவர்களது புத்திமதியின் அடித்தளமாக அமைந்துவிடுகிறது.

மறுபுறத்தில், முற்போக்காளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர் சிலரிடமும் ஒரு பிழையான நோக்குக் காணப்படுகிறது. தோட்டத் தொழிலாளியின் மகன் காற்சட்டையும் சப்பாத்தும் அணிந்து அலுவலக வாசலில் நிற்பதைக் கண்டால் இவர்கள் முகம் சுளிக்கிறார்கள். 'வெள்ளைச் சட்டை மோகம்', 'மத்தியதர வர்க்க மனோபாவம்' என்று முத்திரை குத்திவிட்டு அப்பால் நகர்கிறார்கள். கூடை சுமப்பவரின் பிள்ளையும் கூடையே சுமக்க வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் ஒரு காலத்தில் விரும்பியது. நம் தோழர்களின் நோக்கம் வேறு என்பதில் ஐயமில்லை. ஆனால் விளைவு வேறாகுமா என்பதை அவர்கள் சிந்திக்க வேண்டும்.

இவ்விரு நோக்குகளையும் விலக்கி, பதுளை மாவட்டத் தோட்டங்களில் நேர்முகப் பரீட்சைக்கான உடை எவ்வாறு உருவாகிறது, அதனை நமது இலக்கியம் எவ்வாறு நோக்க வேண்டும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடையின் பொருளாதாரத்தைச் சொந்த வாழ்விலேயே அறிந்தவர் கார்ல் மார்க்ஸ். 1852 பெப்ரவரியில், தம் கோட்டு அடகுக் கடையில் இருப்பதால் வீட்டைவிட்டு வெளியே செல்ல இயலவில்லை என்று அவர் எங்கெல்ஸுக்கு எழுதினார். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தின் முதல் அத்தியாயத்தில், சரக்கின் மதிப்பை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களுள் முக்கியமானது 20 கஜம் லினன் துணியும் ஒரு கோட்டும் ஆகும். சரக்கின் பளபளப்பில் மயங்காது, அதனுள் உறைந்திருக்கும் மனித உழைப்பைக் காணும்படி அவர் நமக்குக் கற்பித்தார். நேர்முகப் பரீட்சைச் சட்டையையும் நாம் அந்தக் கண்கொண்டே பார்க்க வேண்டும்.

இலக்கியத்தில் இதற்கு முன்னோடி, 1842இல் வெளிவந்த கோகோலின் 'மேலங்கி' என்ற கதை. பீட்டர்ஸ்பர்க் நகரில் பிரதி எழுதிப் பிழைக்கும் சிற்றூழியன் அக்காக்கி அக்காக்கியெவிச்சுக்குப் புதிய மேலங்கி தேவைப்படுகிறது. 80 ரூபிள் சேர்ப்பதற்காக அவன் மாலைத் தேநீரை விடுகிறான். இரவில் மெழுகுவர்த்தி ஏற்றுவதை நிறுத்துகிறான். சப்பாத்தின் அடி தேயாதிருக்க வீதியில் மெல்ல அடியெடுத்து வைக்கிறான். மேலங்கி கிடைத்த அன்றிரவே அதைத் திருடர் பறித்துக்கொள்கின்றனர். நியாயம் கேட்டுச் சென்ற இடத்தில் ஒரு பெரிய அதிகாரி அதட்டித் துரத்துகிறார். காய்ச்சலில் வீழ்ந்து அவன் மாண்டுபோகிறான். உடையை வைத்து மனிதரை மதிக்கும் ஒரு சமுதாயத்தின் கொடுமையை இதனினும் தெளிவாகக் காட்டிய கதைகள் உலகில் மிகச் சிலவே. ஆனால் அக்காக்கியின் துயரத்தில் இன்னோர் அம்சமும் உண்டு. அவன் முற்றிலும் தனியன். அந்த மேலங்கிக்காகப் பட்டினி கிடந்தவன் அவன் ஒருவனே. நமது மலைநாட்டுக் கதை இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது.

மலையகத்தில் உடையின் வரலாறு கடனோடு தொடங்குகிறது. தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளிக்கு, மலைக்குளிரைத் தாங்கக் கம்பளி கொடுக்கப்பட்டது. அதன் விலை அவன் கணக்கில் எழுதப்பட்டது. வழிச்செலவோடும் அரிசிக் கணக்கோடும் சேர்ந்து அது அவனைத் தோட்டத்தோடு பிணைத்தது. அந்தக் கணக்கின் மறுபக்கத்தில் நின்றவர் பெரிய கங்காணி. கோட்டும் தலைப்பாகையும் கைத்தடியும் அவருடைய அதிகாரத்தின் சின்னங்கள். துரையைக் கண்டால் குடையைச் சுருக்க வேண்டும், தலைத்துண்டை அவிழ்க்க வேண்டும் என்ற வழக்கமும் இருந்தது. ஆகவே, யார் எதை எவர் முன்னிலையில் அணியலாம் என்பது தோட்டத்தில் என்றுமே அதிகாரம் பற்றிய கேள்வியாகவே இருந்திருக்கிறது. இந்த வரலாற்றை மறந்தவரே தொழிலாளி மகனின் வெள்ளைச் சட்டையை வெறும் மோகம் என்பார். தலைத்துண்டை அவிழ்த்து நின்றவரின் பேரன் தலை நிமிர்ந்து ஒரு நாற்காலியில் அமர்ந்து கேள்விக்குப் பதில் சொல்வது சிறிய காரியமன்று.

அந்த நாற்காலி வரை வந்து சேர்வதற்கே தலைமுறைகள் பிடித்தன. தோட்டப் பிள்ளைகளின் கல்விக்கு ஏற்பாடு செய்வது தோட்ட அதிகாரியின் கடமை என்று 1907ஆம் ஆண்டின் சட்டம் கூறிற்று; நடைமுறையில் அது பெரும்பாலும் ஓர் ஆசிரியரும் ஒரு கொட்டகையுமாகவே முடிந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் ஒதுக்கி வைக்கப்பட்டன. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்தே அவை படிப்படியாக அரசின் கீழ் வந்தன. எனவே, பசறையிலோ மடுல்சீமையிலோ நமுனுகுலையிலோ ஒரு லயத்துக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் வருமாயின், அந்தக் குடும்பத்துக்குப் பல சமயம் அதுவே முதற் கடிதமாக இருக்கிறது.

கடிதம் வந்த பின்னர் நடப்பது என்ன? 2021இல் 1000 ரூபாய் நாட்சம்பளத்தை அடையவே தொழிலாளர் பல்லாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. தொகை உயரும்போது அரிசியும் மாவும் பஸ் கட்டணமும் அதனோடு போட்டியிட்டு உயர்கின்றன. கொழுந்தின் எடை குறைந்தால் முழுப் பெயர் விழுவதில்லை. இந்தக் கணக்கில் சட்டை, காற்சட்டை, சப்பாத்து மூன்றையும் ஒருங்கே வாங்குவது இயலாத காரியம். ஆதலால் உடை வாங்கப்படுவதில்லை; திரட்டப்படுகிறது. சீட்டுக்காசை முன்கூட்டி எடுத்துத் தாய் சட்டைத் துணி வாங்குகிறாள். கொழும்புக் கடையொன்றில் வேலை செய்யும் அண்ணனின் காற்சட்டை இடுப்பில் பிடித்துத் தைக்கப்படுகிறது. பக்கத்துக் காம்பராவிலிருந்து சப்பாத்து வருகிறது. அளவு பெரிதென்றால் முனையில் பஞ்சு வைக்கப்படுகிறது. இடுப்புவார் இன்னொருவருடையது, சான்றிதழ்களை வைக்கும் கோவை, சென்ற ஆண்டு இதே வாசலில் நின்று திரும்பியவருடையது.

ஊவாச் சரிவுகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் மழைக் காலம். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில், துவைத்த வெள்ளைச் சட்டையை அடுப்புக்கு மேலேதான் காயவிட வேண்டும். சட்டை உலர்கிறது, புகை நாற்றமும் அதில் ஏறிக்கொள்கிறது. விடியுமுன் புறப்படும் இளைஞன் சப்பாத்தைப் பையில் வைத்துக்கொண்டு, சேற்றுப் பாதையில் செருப்புடன் இறங்கி, பஸ் பிடித்துப் பதுளை பஸ் நிலையத்துக்கு வந்து, குழாயடியில் கால் கழுவிச் சப்பாத்தை மாட்டிக்கொள்கிறான். பிறப்புச் சான்றிதழில் எவரோ ஓர் எழுதுநர் பிழையாகப் பதிந்த பெயருக்கும் பரீட்சைச் சான்றிதழிலுள்ள பெயருக்கும் வேறுபாடு இருந்தால், அதற்கொரு சத்தியக் கடதாசியும் வேண்டும். இத்தனையையும் தாண்டி அவன் அமர்ந்ததும், மேசைக்கு அப்பால் இருப்பவரின் கண் சட்டையின் கழுத்துப் பட்டியில் விழுகிறது. புகையின் மணம் அவருக்கு அசிரத்தையின் அடையாளமாகத் தோன்றலாம். அது ஒரு குடும்பத்தின் முழு இரவு உழைப்பின் மணம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அங்கே எவருமில்லை.

பெண்களின் நிலை இதிலும் கடினமானது. சேலையை இரவல் வாங்கலாம். எந்த உடலுக்கும் அது பொருந்தும். பிளவுஸ் அப்படிப் பொருந்தாது. அதற்குத் துணியும் தையற்கூலியும் வேண்டும். உத்தியோகம் கிடைத்த பின்னும் இந்தச் செலவு ஓய்வதில்லை. 2015ஆம் ஆண்டளவில் மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டபோது அவர்களுக்கு மாதம் 6000 ரூபாய் கொடுப்பனவே வழங்கப்பட்டது. அந்தத் தொகையில் நாள்தோறும் சேலையுடுத்தி மலையேறி வகுப்புக்குச் செல்ல வேண்டியிருந்தது. 2022இல், பொருளாதார நெருக்கடியின் மத்தியில், அரச அலுவலகங்களில் பெண்கள் சேலையல்லாத கண்ணியமான உடையும் அணியலாம் என்று பொது நிர்வாக அமைச்சு அனுமதித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆசிரியைகள் சிலர் அவ்வாறு பாடசாலைக்கு வந்தபோது நாடெங்கும் சர்ச்சை எழுந்தது. ஆசிரியர் உடையில் மாற்றமில்லை என்று கல்வித் துறை அறிவித்தது. பண்பாட்டைப் பற்றி அன்று பலரும் உரத்துப் பேசினர். சேலையின் விலையைப் பற்றிப் பேசியவர் குறைவு.

எளிமையே அழகல்லவா என்று சிலர் கேட்கக்கூடும். உலகாள்பவனுக்கும் வேட்டையாடித் திரியும் கல்லாதவனுக்கும் உணவும் உடையும் ஒரே அளவே என்று புறநானூற்றின் 189ஆம் பாடலில் நக்கீரர் உணர்த்துகிறார். காந்தியடிகள் 1921இல் மதுரையில் அரையாடைக்கு மாறினார். 1927இல் அதே கோலத்தில் பதுளைக்கும் வந்தார். 1931இல் அதே கோலத்தில் பிரித்தானிய மன்னரின் அரண்மனைக்கும் சென்றார். அவை மகத்தான செயல்களே. ஆனால் பாரிஸ்டரின் கோட்டை அணிந்து பார்த்தவரே அதைத் துறக்க முடிந்தது. துறப்பதற்கு முதலில் உடைமை வேண்டும். ஒருபோதும் கோட்டு அணிந்திராதவனின் அரையாடையை உலகம் எளிமை என்று போற்றுவதில்லை. வறுமை என்று ஒதுக்குகிறது. ஆகவே எளிமையைப் போதிப்போர் அந்தப் போதனையை மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவரிடமே தொடங்குவது நல்லது.

இனி நமது இலக்கியத்துக்கு வருவோம். மலையக எழுத்தாளர்கள் உழைப்பையும் உறைவிடத்தையும் யதார்த்தமாகக் காட்டியவர்கள். என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையில், பறித்த கொழுந்தின் எடை ஐயத்துக்குள்ளான ஒரு பெண் தன் கைத்திறனால் அதற்கு விடையளிக்கிறாள். அதுவும் ஒருவகை நேர்முகப் பரீட்சையே. ஆனால் அங்கே உடைக்கு இடமில்லை, வேலையே சாட்சி. பதுளை மாவட்டத்தில் பிறந்து, தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்டு, 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப், 'மீன்கள்' என்ற சிறுகதையில் லயக் காம்பராவின் நெருக்கடி மனிதரின் மானத்தை எவ்வாறு வதைக்கிறது என்று காட்டினார். 1974இல் வந்த அவரது 'காலங்கள் சாவதில்லை' நாவலும் அந்த மண்ணின் வாழ்வையே பொருளாகக் கொண்டது. அந்தக் காம்பராவை அவர் நமக்குத் திறந்து காட்டினார். அதே காம்பராவின் சுவரில், ஓர் ஆணியில், நாளைய நேர்முகப் பரீட்சைக்கான சட்டை தொங்குகிறது. மலையையும் மழையையும் கூடையையும் எழுதிய அளவுக்கு அந்தச் சட்டையை நாம் எழுதவில்லை. எழுதும்போதும், விடாமுயற்சியால் முன்னேறிய வீரனின் கதையாகவோ, ஏமாந்து திரும்பிய அபலையின் கதையாகவோ முடித்துவிடுகிறோம். முதலாவது புத்திமதிக்காரரின் பொய். இரண்டாவது வாசகரின் கண்ணீரோடு தீர்ந்துபோவது.

எழுதப்பட வேண்டிய கேள்வி வேறு. இந்தச் சட்டை யாருடையது? அன்று கொடுத்த கம்பளி தொழிலாளியைத் தோட்டத்துக்குக் கடனாளியாக்கியது. இன்று திரட்டிய சட்டை அவன் மகனை லயத்துக்குக் கடனாளியாக்குகிறது. முதற் கடன் சுரண்டலின் கருவி. அதை அறுத்தெறிவது விடுதலை. இரண்டாவது கடன் தோழமையால் வந்தது. அதை அறுத்தெறிவது துரோகம். ஆனால் உத்தியோகம் என்ற ஏற்பாடே அவனை இந்த இரண்டாம் கடனை மறக்கத் தூண்டுகிறது. பதுளை நகரிலோ கொழும்பிலோ அறை எடுத்தவுடன், தோட்டத்தின் பெயரைச் சொல்லக் கூசுகிறான். புகையின் மணம் இல்லாத சட்டைகளை வாங்குகிறான். பின்னொரு நாள் மேசைக்கு அப்பால் அமரும்போது அவனும் கழுத்துப் பட்டியைப் பார்க்கத் தொடங்குகிறான். மத்தியதர வர்க்க மனோபாவம் வெள்ளைச் சட்டையை அணிவதில் இல்லை. அது யாரால் வந்தது என்பதை மறப்பதில் இருக்கிறது. இந்த மாற்றத்தை, அதன் ஆசையோடும் வெட்கத்தோடும் சேர்த்து, குற்றஞ்சாட்டாமலும் மன்னிக்காமலும் எழுதுகின்ற எழுத்தாளனே நமக்கு இன்று தேவை.

எழுத்தாளருக்கு மட்டுமன்றி ஆசிரியருக்கும் இதில் கடமையுண்டு. வகுப்பறையில் 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. கசக்குவதற்குத் தண்ணீரும், உலர்த்துவதற்கு இடமும், மாற்றுவதற்கு இன்னொன்றும் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உத்தியோகம் பெற்ற பழைய மாணவர்கள் தம் முதற் சட்டையையும் சப்பாத்தையும் பாடசாலைக்கே திருப்பித் தருவதை ஒரு வழக்கமாக்கலாம். அடுத்த கடிதம் வரும் வீட்டுக்கு அவை போகட்டும். நேர்முகப் பரீட்சை நடத்துவோரிடம், உடைக்குப் புள்ளி இல்லை என்று கடிதத்திலேயே எழுதும்படியும், தொலைவிலிருந்து வருவோருக்குப் பிற்பகல் நேரம் ஒதுக்கும்படியும் தொழிற்சங்கங்களும் ஆசிரிய சங்கங்களும் கேட்க வேண்டும். இவை சிறிய கோரிக்கைகளே. உழைப்பவரின் வீட்டில் சட்டை ஒரு பிரச்சினையாகவே இல்லாதபடி சம்பளம் அமைவதுதான் பெரிய கோரிக்கை. அதற்கான போராட்டத்தில், நேர்முகப் பரீட்சையில் தேறிய இளைஞன் எந்தப் பக்கம் நிற்பான் என்பதை, தன் முதற் சட்டையை அவன் எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கிறான் என்பதே தீர்மானிக்கும்.